ஜும்மா நேரத்தில் கறிவேப்பிலை

துபாய்க்குப் பக்கத்து அஜ்மானில் வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குக் கடை அடைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு கட்டு கறிவேப்பிலை எடுக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும் என்றுதான் இன்று எங்கள் பில்டிங்குக்குக் கீழே இருக்கும் கீழக்கரை பாய் கடைக்குள் நுழைந்தேன்.

கடைசி வரிசையில் குனிந்து நல்ல கட்டாகத் தேடிக்கொண்டிருந்தபோது ஷட்டர் இறங்கியது. "பாய், நான் உள்ள இருக்கேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் பூட்டும் விழுந்துவிட்டது.

தட்டிப் பார்த்தேன். வெளியே தெருவே தொழுகைக்குப் போயிருந்தது.

ஹோம் டெலிவரி நம்பருக்கு அடித்தேன். கல்லாமேல் கிடந்த போன் அடித்தது.

ஏசியையும் அணைத்துவிட்டுப் போயிருந்தார். வியர்த்து ஊற்றியது. எதிரே ஃப்ரிட்ஜ் நிறையத் தண்ணீரும் மோரும். ஆனால் இது நோன்பு மாதம், பகலில் அடுத்தவர் பார்க்கக் குடிப்பது இங்கே தப்பு. நான் நோன்பு இல்லைதான், மேலே கேமரா இருக்கிறதே. அரிசி மூட்டையில் உட்கார்ந்து ஃப்ரிட்ஜையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொழுதுவிட்டு வந்து திறந்த பாய் பதறிப்போனார்.

"யா அல்லாஹ், உள்ளேயா இருந்தீங்க தங்கச்சி? தண்ணி எடுத்துக் குடிச்சிருக்கலாமே."

"நோன்பு மாசம் பாய், எப்படிக் குடிக்கிறது?"

"நோன்பு எனக்குத்தானேம்மா. உங்களுக்கு என்ன?"

அவரே ஒரு பாட்டிலைத் திறந்து நீட்டினார். தெருவில் போகிறவர்கள் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்குமே என்று, ஷட்டரைப் பாதி இறக்கவும் போனார்.

தண்ணீரே வேண்டாம் என்று வெளியே ஓடி வந்துவிட்டேன்.

கறிவேப்பிலை அங்கேயே கிடக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது வாங்கிவந்து தாருங்கள். வாசலில் நின்றே கேளுங்கள்.