தேய்த்துக் கழுவிய அம்புமுனை

அழுக்கைப் பார்த்தால் மற்றவர்களுக்குக் கை பரபரக்கும். எனக்கோ அழுக்கைத் தேடுவதுதான் வேலை. ஜார்ஜ்டவுனில், சூலியா தெருவுக்குப் பின்னால் உள்ள சிறிய அருங்காட்சியகத்தில் பழைய கல் ஆயுதங்களை நுண்ணோக்கியில் பார்ப்பவன் நான்.

ஒருநாள் ஒரு கல் அம்புமுனையின் அடியில் பழுப்பாக ஒரு தீற்றல் தெரிந்தது. கல்லைக் கம்பில் ஒட்டவைக்க ஆதிகாலத்து வேடன் உருக்கித் தடவிய மரப்பிசினாக இருக்கலாம். சோதித்தால் தெரிந்துவிடும். பாஸிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"பாக்கலாம்லா" என்றார்.

மறுநாள் ஒரு பெரிய மனிதர் வருவதாக இருந்தது. காட்சிக்கு வைக்கும் எதையும் தேய்த்துக் கழுவுவது எங்கள் இடத்து வழக்கம். அன்று காலை நான் போனபோது உடன் வேலை செய்யும் பவானி அக்கா அந்த அம்புமுனையோடு கழுவும் தொட்டியருகே நின்றிருந்தார்.

"பாத்தியா தம்பி, என்னா அழுக்கு! பாஸ்தான் எடுத்துக் கொடுத்தாரு. ஸ்பிரிட்டு போட்டு டூத்பிரஷால தேய்ச்சேன், பளிச்சுன்னு ஆயிடுச்சி."

நேராக பாஸிடம் போனேன்.

"கல்லு நெறைய இருக்குலா, வேற ஒண்ணு பாரு. இப்ப போட்டோவுக்கு வந்து நில்லு."

எத்தனையோ ஆயிரம் ஆண்டுகள் மண்ணுக்குள் தாங்கியது, ஒரு காலைநேரச் சுத்தத்தில் போய்விட்டது. அது பிசின்தானா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

ஆய்வறையில் எடுத்த அந்தப் படம் இன்னும் சுவரில் தொங்குகிறது. அக்கா ஓரத்தில் சிரிக்கிறார், அவருக்குத் தெரியாது. தெரிந்த பாஸ் நடுவில் நின்று சிரிக்கிறார். நான் மட்டும் தொட்டியில் கிடந்த பழைய டூத்பிரஷைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது படத்தில் விழவில்லை. அதன் நுனியில் ஒட்டியிருந்த பழுப்பு எனக்கு மட்டும்தான் தெரியும்.