சித்தப்பா அனுப்பிய டிஸ்கோ

சித்தப்பாவின் இசையை அழித்தது நான்தான். வீட்டில் யாரும் அதை ஒரு குற்றமாகச் சொன்னதில்லை. கெட்டிக்காரி என்றுதான் சொன்னார்கள். அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

எண்பதுகளின் தொடக்கம். நாங்கள் மட்டாஞ்சேரியில் இருந்தோம். அப்பாவின் தம்பிக்கு வளைகுடாவில் ரேடியோ, கீபோர்டு விற்கும் கடையில் வேலை. கடிதம் எழுத அவருக்குக் கை வளையாது. கேசட்டில் பேசி, லீவில் ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவார். நாங்களும் பதில் பேசி, அதே ஆள் திரும்பிப் போகும்போது கொடுத்துவிடுவோம். எங்கள் தெருவில் பாதிக் குடும்பங்கள் அப்படித்தான் நடந்தன.

ஒவ்வொரு தடவையும் இரண்டு கேசட் வரும். ஒன்றில் சித்தப்பாவின் குரல். இன்னொன்றில் வெறும் இசை. அதன் மேல் பென்சிலால் டிஸ்கோ, எலக்ட்ரோ, சிந்த் பாப் என்று ஏதாவது ஓர் இசை வகையின் பெயர் எழுதியிருக்கும். குரல் கேசட்டில் அதற்கு விளக்கமும் சொல்வார். "இதுல மேளம் அடிக்க ஆளே வேண்டாம், மெஷினே அடிச்சுக்கும். அடுத்தது தாளமே இல்லாத்தது, சும்மா கண்ண மூடிண்டு கேக்கணும். இங்க ஒருத்தன் வாசிச்சதாக்கும்."

அந்த ஒருத்தன் அவரேதான். மத்தியானம் கடை சாத்தியிருக்கும் மூன்று மணி நேரத்தில், விற்பனைக்கு வைத்திருந்த கீபோர்டில் அவரே வாசித்துப் பதிவு செய்தது. கூச்சம். இங்கே இருந்தபோது ஆர்மோனியத்தைத் தொட்டாலே அப்பா கேலி செய்வார். யார் என்று தெரியாமல் நாங்கள் கேட்டு, நன்றாயிருக்கிறது என்று சொல்லவேண்டும் என்பது அவர் ஆசை. இதெல்லாம் அவருடன் ஒரே அறையில் இருந்தவர் பல வருடம் கழித்துச் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

முதல் கேசட்டை ஐந்து நிமிடம் கேட்டோம். குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் காற்று வருகிற மாதிரி இருக்கிறதென்று அப்பா நிறுத்திவிட்டார். பிறகு வந்தவற்றை யாரும் போட்டே பார்க்கவில்லை. ஆனால் பதில் பேச ஒரு கேசட் வேண்டுமே. "அவன் குரல அழிக்கலாமோ? இந்த மெஷின் சத்தம் அங்க கடையில எத்தனை வேணும்னாலும் கிடைக்கும்" என்றாள் அம்மா.

ஒரு சிக்கல் இருந்தது. இசைக் கேசட்டுகளின் முதுகில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் துண்டுகளையும் சித்தப்பா உடைத்திருப்பார். அவை இல்லாவிட்டால் பதிவுப் பொத்தான் அமுங்காது. அழிக்காதீர்கள் என்று அவரால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். ஒன்பது வயதுக்காரி நான் அந்த ஓட்டைகளில் காகிதத்தை உருட்டித் திணித்தேன். பொத்தான் அமுங்கியது. அன்றிலிருந்து பதிவு செய்யும் உத்தியோகம் எனக்கு.

அப்பா கடிதம் எழுதுகிற தோரணையில், "இங்க எல்லாரும் க்ஷேமம்" என்று தொடங்குவார். அம்மா ஓடு ஒழுகுவதையும் பலா காய்த்ததையும் சொல்வாள். கடைசியில் நான். "சித்தப்பா, பாட்டு எல்லாரும் கேட்டோம். நன்னா ரசமா இருந்தது." அந்தப் பாட்டின் மேலேயே அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கே அவர், தன் கையால் எழுதிய அதே கேசட்டைப் போட்டு இதைக் கேட்டிருப்பார். நாங்கள் பேசி முடித்த இடத்திலிருந்து மிச்ச இசை அவருக்கே ஓடியிருக்கும். இருந்தும் இரண்டு வருடம் அனுப்பினார். என்றாவது ஒன்றைக் கேட்டுவிடுவோம் என்று நினைத்தாரோ என்னவோ.

சித்தப்பா லீவில் வந்தபோது ஒரு நாள் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "எது குட்டி உனக்கு ரொம்பப் பிடிச்சது?"

"டிஸ்கோ."

"கொஞ்சம் பாடிக் காட்டு பாப்போம். வார்த்தை வேண்டாம், சும்மா முனகினாப் போதும்."

பள்ளியில் கற்ற ஏதோ மலையாளப் பாட்டின் மெட்டை இழுத்து முனகினேன். அவர் கடைசி வரை கேட்டார். நடுவில் நிறுத்தவில்லை. பிறகு என் தலையைத் தடவி, "நன்னாருக்கு" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? உட்கார வைத்து ஒன்றை முழுதாகப் போட்டுக் காட்டியிருப்பாரோ என்னவோ. அந்த ஒரு வாய்ப்பையும் கெடுத்தது நான்தான்.

அவர் திரும்பிப் போய் இரண்டு மாதம் கழித்து அடுத்த பொட்டலம் வந்தது. ஒன்று வழக்கம்போல் அவர் குரல். மற்றது கண்ணாடித் தாள்கூடப் பிரிக்காத புதுக் கேசட். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பிறகு வந்தவையெல்லாம் அப்படியே. இப்போதுதான் அவனுக்கு நம் தேவை புரிந்தது என்று அப்பா மெச்சிக்கொண்டார். நான் தாளைக் கிழித்து முகர்ந்து பார்த்தேன். புது வாசனை. "சித்தப்பா, இனிமே இப்படியே அனுப்புங்கோ" என்று அதில் முதல் வரியாகப் பேசினேன்.