ஜன்னல் வழியாக வந்த படம்

சினிமா கலையா, அதற்குப் போய் நேரத்தைக் கொடுக்கலாமா என்று யாராவது பேச ஆரம்பித்தால் நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவேன். எரிச்சலாக வரும். எங்கள் வீட்டில் இந்த வழக்கு என் சின்ன வயதிலேயே நடந்து முடிந்துவிட்டது. யார் ஜெயித்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அக்கா தோற்றாள், அது தெரியும்.

அப்பா நாகர்கோவில் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா. கோயில் உற்சவத்தில் கதகளி என்றால் விடியும்வரை முன்னால் இருந்து பார்ப்பார். அம்மன் கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு என்றால் அடுத்த ஊருக்கும் நடப்பார். சினிமா மட்டும் ஆகாது. "ஆளு வராம ஆளுக்க நெழல அனுப்பி டிக்கெட்டு கேக்கான். சவத்தத் தள்ளு" என்பார். நான் அப்போது டீச்சர் ட்ரெயினிங் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் கொழுப்பு எனக்கும் அப்படியே இருந்தது.

அக்காவுக்குக் காசம். தனித் தட்டு, தனித் தம்ளர், தெற்கே வயலைப் பார்த்த தனி அறை. அவளை மாமா மகனுக்குப் பேசி வெற்றிலை மாற்றியிருந்தோம். நோய் தெரிந்ததும் மாமா வீட்டில் அத்தானுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்து, அடுத்த தையிலேயே கல்யாணத்தை முடித்துவிட்டார்கள். எங்களுக்கும் பத்திரிகை வைத்தார்கள், என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். அக்கா அழவில்லை. ஆனால் சாப்பாட்டை விட்டுவிட்டாள். அம்மா கஞ்சியோடு வாசலில் நிற்பாள், அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

திருவிதாங்கூர் போய்த் திருக்கொச்சி ஆகியிருந்த காலம். அந்த வருஷம் மாசியில் கும்பப்பூ நெல் அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த வயலில் ஒரு டூரிங் கொட்டகை வந்தது. சாயங்காலம் ஆனால் புனல் ஸ்பீக்கர் வைத்துப் பக்திப் பாட்டு போடுவார்கள். பிறகு ஆயில் எஞ்சின் ஓடும். அதன்பின் படத்தின் பேச்சும் பாட்டும் அழுகையும் வயலைத் தாண்டி, ஒரு வார்த்தை சிந்தாமல் அக்காவின் ஜன்னலுக்கு வந்து சேரும். கூட்டம் குறையாததால் ஒரே படத்தையே ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

கட்டியவளை விட்டுவிட்டு ஒரு நாட்டியக்காரியோடு போன புருஷன் கதை. எல்லாம் இழந்து கடைசியில் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான். தட்டும் சத்தம் கேட்கும். பிறகு கொஞ்ச நேரம் எதுவுமே கேட்காது. அதன்பின் அவள் ஒரு பாட்டுப் பாடுவாள், படம் முடியும். அந்தச் சத்தமில்லாத இடம்தான் அக்காவின் இடம்.

"அவ தொறக்க மாட்டா, ஏட்டி" என்பாள் என்னிடம். "தட்டட்டும். விடிய விடிய நின்னு தட்டட்டும். அவ வெளக்குகூட ஏத்தாம உள்ள தனியா இருந்து பாடுகா, கேட்டியா?"

சொல்லும்போது கை உயரும். இல்லாத கதவில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்வாள். எலும்பும் தோலுமான அந்தக் கையில் அத்தனை பலம் எங்கிருந்து வந்ததோ. படம் பார்த்தவர்கள் யாராவது ஜன்னலுக்கு வெளியே நின்று கதை சொல்ல வந்தால் காதைப் பொத்திக்கொள்வாள். படம் ஓடுகிற நேரத்தில் அம்மா கஞ்சி கொடுத்தால் குடித்தாள். அதனால் அம்மா அந்த நேரத்துக்கே கஞ்சி வைத்தாள். நானும் வாசற்படியில் உட்கார்ந்து அந்தக் கதவைப் பார்க்கப் பழகிவிட்டேன். படம் எனக்குக் குப்பைதான். அக்கா செய்தது குப்பை இல்லை.

பங்குனி கடைசியில் டாக்டர் அப்பாவைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். வீட்டுக்கு வந்த அப்பா, சட்டையைக் கழற்றாமல் அக்காவின் வாசலில் நின்றார்.

"ஒனக்கு என்ன வேணும், மக்கா?"

"அந்தப் படத்த ஒரு தடவ கண்ணால பாக்கணும்."

வயலை உழ வேண்டும், கொட்டகையைப் பிரிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். அப்பா அப்படியே திரும்பி நடந்தார். எந்தக் கொட்டகையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாரோ, அதன் முதலாளி முன்னால் போய்க் கைகட்டி நின்றார். கூண்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, ஜமுக்காளம் விரித்து அவளைப் படுக்கவைத்தோம். கொட்டகையின் பக்கவாட்டில் தட்டியை அவிழ்த்துவிட்டு வண்டியின் வாயைத் திரைக்கு நேராக நிறுத்தினார்கள். பக்கத்திலிருந்த பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தள்ளிப் போனார்கள். அக்கா அதைக் கவனிக்கவே இல்லை. ஒவ்வொரு வசனத்தையும் உதடு அசைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

புருஷன் வந்தான். கதவைத் தட்டினான். அக்காவின் கை தானாக உயர்ந்தது.

திரையில் அவள் விழுந்தடித்து ஓடி வந்து இரண்டு கையாலும் கதவைத் திறந்தாள். அவன் காலில் விழுந்தாள். காலைப் பிடித்துக்கொண்டுதான் அந்தப் பாட்டு. சத்தமில்லாத இடத்தில் இவ்வளவும் நடந்திருக்கிறது. கொட்டகை முழுக்கப் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். வண்டிப் பக்கத்தில் நின்ற அப்பா தோளில் கிடந்த துவர்த்தால் கண்ணைத் துடைத்தார்.

"நான்தான் தெரியாமப் பேசிட்டேன். இதும் கலைதான், மக்கா" என்றார்.

அக்காவின் கை எப்போது கீழே விழுந்தது என்று நான் பார்க்கவில்லை.

"தொறந்துட்டாளே, ஏட்டி" என்றாள். பிறகு வீட்டுக்குப் போகலாம் என்றாள்.

மறுநாள் சாயங்காலம் பாட்டு தொடங்கும் முன்னே ஜன்னலை அடைக்கச் சொன்னாள். புழுக்கத்தில் அறை வெந்தது. அடைத்த பிறகும் சத்தம் வந்தது. கதவைத் தட்டும் இடம் வந்ததும் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். கஞ்சி ஆடை படிந்து அப்படியே இருந்தது. அம்மா அதை எடுத்துப் போய்த் தொழுவில் மாட்டுக்கு ஊற்றினாள். அதற்குப் பிறகு அக்கா கஞ்சி குடிக்கவே இல்லை.

அடுத்த போகம் கன்னிப்பூவுக்கு நாற்று நடும் முன்னே அக்கா போய்விட்டாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அப்பா அதையே சொன்னார். "ஆசப்பட்ட படத்தக் காட்டிட்டேன். அந்தக் கொறை இல்லாமப் போனா." அவருக்கு அந்த ஒரு ஆறுதல்தான் மிஞ்சியிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. பின்னால் அவர் கொட்டகை கொட்டகையாகப் போய்ப் படம் பார்த்தார், அழுதார், கலை என்று எல்லாரோடும் வாதாடினார். அப்போதும் நான் திறக்கவில்லை.

அக்கா போன அன்று உச்சிப்பொழுதுக்கு மாமா வீட்டிலிருந்து வந்தார்கள். அத்தானும் வந்தார். சாவு வீட்டில் கதவை அடைத்து வைக்கிற வழக்கம் இல்லை. அவர் தட்டாமலே உள்ளே வந்தார்.