கண்ணாடிக்காரரின் ஆறு கம்பிகள்

மூக்குக்கண்ணாடிக் கடையில் முப்பது வருஷமாக லென்ஸ் பொருத்துகிறவர். தெருவுக்கே அவர் கண்ணாடிக்காரர்தான். கடுகளவு திருகாணிகளோடு நாள் முழுக்க மல்லாடிவிட்டு வீட்டுக்கு வந்தால், மனிதர் பூட்டோடு உட்கார்ந்துவிடுவார். கார் வைப்பரிலிருந்து உருவிய எஃகுப் பட்டையை ராவி, பூட்டுத் திறக்கத் தானே செய்துகொண்ட ஆறு கம்பிகள். அவற்றுக்கு ஒரு தோல் உறை. பழைய இரும்புக் கடையில் சாவியில்லாத பூட்டைக் கண்டால் விடமாட்டார். திருட்டுப் புத்தியெல்லாம் கிடையாது. ஒன்றைத் திறந்துவிட்டால் அதைவிடக் கடினமானதைத் தேடிப் போவார், அவ்வளவுதான்.

மகள் பதினைந்து வயதில் தன் மேஜை இழுப்பறைக்கு ஒரு பூட்டுப் போட்டாள். விடுவாரா? நாலே நிமிஷத்தில் திறந்து, அவள் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அவள் இன்னும் பெரிய பூட்டாக வாங்கினாள். அதையும் திறந்தார். இப்படி ஏழு பூட்டுகள். உள்ளே இருந்த ஒரு காகிதத்தைக்கூட அவர் தொட்டதில்லை, அது சத்தியம். மகளும் தன்னோடு விளையாடுகிறாள் என்றே நினைத்திருந்தார். ஒருநாள் இழுப்பறை பூட்டில்லாமல் காலியாகக் கிடந்தது. அதற்குள் சலித்துவிட்டதே என்று வருத்தம்கூடப் பட்டார். இப்படியும் ஒரு அப்பா!

இப்போது அவளுக்கு முப்பத்திரண்டு. கட்டினவன் வேண்டாமென்று சொல்லிவிட, நேற்று சாயங்காலம் பெட்டியோடு வந்தவள் அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டாள். கூப்பிட்டால், நன்றாகத்தான் இருக்கிறேன், விடுங்கள் என்று மட்டும் பதில் வந்தது. வாசலில் வைத்த காலைச் சாப்பாடு ஆறிப்போனது. மத்தியானம் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

“ஊர்ல இருக்கிற பூட்டையெல்லாம் திறக்கிறீங்க. இதைத் திறங்க.”

அரை நிமிஷ வேலை. மண்டியிட்டு, சாவித் துவாரத்தில் கம்பிகளை விட்டார். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த அழுகை சட்டென்று நின்றது. மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை. இந்த உரசலை அவள் பதினைந்து வயதிலேயே கேட்டுப் பழகியவள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்த ஏழு பூட்டுகளும் கண்முன் வந்தன. வெட்கம் பிடுங்கித் தின்றது.

கம்பிகளை வெளியே எடுத்தார். கம்பிகளோடு உறையைக் கதவுக்கு அடியில் உள்ளே தள்ளினார்.

“நான் திறக்கமாட்டேம்மா. உனக்கு எப்போ தோணுதோ அப்போ வா.”

உள்ளே உறையைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல் வந்தது.

“அஞ்சுதாம்ப்பா இருக்கு.”

சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். வளைந்த கம்பி அங்கே இருந்தது. பழக்க தோஷத்தில் கை தானாகப் போட்டுக்கொண்டிருக்கிறது. பூட்டைத் திருப்பிப் பிடிப்பது அதுதான்; அது இல்லாமல் மற்ற ஐந்தாலும் எந்தப் பூட்டையும் திறக்க முடியாது. அது அவளுக்கும் தெரியும். வேண்டுமென்று வைத்துக்கொள்ளவில்லை என்று சொல்ல வாயெடுத்தார். அதையும் உள்ளே தள்ளினார்.

வெகுநேரம் கழித்துச் சாவி திரும்பியது. கண்ணாடிக்காரர் சுவரைப் பிடித்து எழுந்து, அவள் வர வழிவிட்டுத் தள்ளி நின்றார்.