அக்காவின் பாட்டும் என் கையெழுத்தும்

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. வயதும் ஆகிவிட்டதால் முன்னது பின்னதாக வந்து விழும், சிலது வராமலே போகும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மயிலாப்பூரில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் ஒரு பாட்டுப் புத்தகத்தால் நடந்ததை எழுதப் போகிறேன்.

என் கணவருடைய அண்ணனின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எனக்கு அப்போது பதினாறு, அவளுக்கு முப்பதுக்குள் இருக்கும். கல்யாணத்தில் நலங்கு வைக்கும்போது பெண்வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரைக் கேலி செய்து பாடுவார்களே, அந்தப் பாட்டுகளை அக்கா புதிது புதிதாகக் கட்டுவாள். மாவு ஆட்டிக்கொண்டே கட்டுவாள். சித்திரக்குளத்திலிருந்து லஸ் வரை எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும் அவளைக் கூப்பிட ஆள் வரும். அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். எழுதுவது என்றால் ஒரு வரிக்குள் உலை கொதித்துவிடும். அதனால் அவள் பாடப் பாட நான் நோட்டில் எழுதுவேன்.

ஒரு நாள், "மாப்பிள்ளை வந்தார் டிராமிலே, மீசை வந்தது முன்னாலே" என்று தொடங்கியவள் அடுத்த அடி கிடைக்காமல் நின்றாள். நான் வாயைத் திறந்து பேசுகிறவள் இல்லை. அன்றைக்கு என்னவோ, "டிக்கெட்டு கேட்ட மறுநொடியே தூங்கிப்போனார் தன்னாலே" என்று சொல்லிவிட்டேன். அக்கா குழவியை விட்டுவிட்டுச் சிரித்தாள்.

"ஊமையாட்டம் இருந்துக்கிட்டு என்னா வேலை பண்றா பாரு! எழுதிக்கோடி, எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். அப்புறம் எந்தக் கல்யாணத்திலும் அந்த அடி வந்தால்தான் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நோட்டு நிறைந்ததும் அதை அச்சுப்போடலாம் என்று அக்கா வீட்டுக்காரரான அண்ணன் அச்சுக்கூடத்துக்கு எடுத்துப்போனார். அச்சுக்கூடத்துக்காரர் ஒரு யோசனை சொல்லி அனுப்பினாராம். நன்றாகப் போகும் புத்தகமாக இருந்தால் வேறு யாராவது அப்படியே அடித்து விற்றுவிடுவார்கள், அதனால் கடைசிப் பக்கத்தில் 'ஆசிரியர் கையொப்பம் இல்லாத பிரதி திருட்டுப் பிரதி' என்று போட்டு, ஒவ்வொரு பிரதியிலும் வீட்டம்மா கையெழுத்திட வேண்டும் என்று. அந்தக் காலத்தில் நிறையப் புத்தகங்களில் அப்படி ஒரு வரி இருக்கும்.

புத்தகங்கள் ஜட்கா வண்டியில் வந்து இறங்கின. அக்கா காலையில் உட்கார்ந்தவள் விளக்கு வைப்பதற்குள் ஐம்பதுகூடப் போடவில்லை. விரலை உதறிக்கொண்டாள்.

"எனக்கு மணிக்கட்டு கழண்டுடும்போல இருக்கு. மீதியை நீ போடு."

"உங்க பேராச்சே அக்கா?"

"ஒரே அடுப்பு. உப்பை நீ போட்டா என்னா, நான் போட்டா என்னா? போடுடி."

எங்கள் வீட்டில் எது யாருடையது என்று பிரித்துப் பார்க்கிற வழக்கமே கிடையாது. அவள் புடவையை நான் கட்டுவேன், என் வளையலை அவள் போடுவாள். கையெழுத்தையும் அப்படித்தான் நினைத்தோம். மிச்சப் பிரதிகளில் எல்லாம் அக்காவின் பெயரை என் குண்டு எழுத்தில் அழகாகப் போட்டேன். ஆண்களிடம் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

அடுத்த அறுபத்துமூவர் திருவிழாவில் என் கணவர் குளக்கரைக் கடையிலிருந்து ஒரு பச்சை அட்டைப் புத்தகம் வாங்கி வந்தார். அதே பாட்டுகள், அதே வரிசை. அக்காவின் பெயர் மட்டும் இல்லை. 'குலமாதர் பாடும் கேலிப்பாட்டு' என்று போட்டிருந்தது. அக்கா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு மாடத்தில் வைத்தாள். இரண்டு நாள் அவள் பாடவே இல்லை. மூன்றாம் நாள் அடுத்த வீட்டுக்காரி அந்தப் பச்சைப் புத்தகத்தோடு வந்து, "நீதான் கட்டினேன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சே, இது ஊரே பாடற பாட்டாமே?" என்றாள். அதுதான் அக்காவைக் குத்தியது. விற்றால் விற்றுக்கொள்ளட்டும், நான் பொய்க்காரியா என்று அழுதாள்.

அண்ணன் வடக்கு மாடவீதியில் தெரிந்த வக்கீல் ஒருவரைப் பிடித்து நோட்டீஸ் விட்டார். பச்சைப் புத்தகம் போட்ட கடைக்காரர் பட்டணத்துக் கடைத்தெருவிலிருந்து தாமே வக்கீல் வீட்டுக்கு வந்தார். அக்காவும் நானும் அங்கே உள்ளறைக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம்.

"சாமி, நான் இன்னா கொலையா பண்ணேன்?" என்றார் கடைக்காரர். "கண்ணாலத்துல பொம்பளைங்க பாடறது. காத்துல கீது. காத்துக்கு எவனாவது பட்டா வாங்குவானா?" பிறகு எங்கள் புத்தகத்தில் இரண்டு பிரதிகளை எடுத்து வைத்தார். "இத்தப் பாருங்க. ஒரே பேரு, ரெண்டு கையெழுத்து. கையொப்பம் இல்லேன்னா திருட்டுன்னு அவங்களே போட்டுக்கீறாங்க. இதுல எது திருட்டு?"

வக்கீல் கதவைப் பார்த்து, "அம்மா, ரெண்டும் நீங்க போட்டதுதானா?" என்று கேட்டார்.

எழுந்து நிலைப்படி வரை வந்தேன். அந்நிய ஆண்கள் முன்னால் அதுவரை நான் பேசியதே இல்லை.

"முக்காவாசி… நான் போட்டதுங்க."

அண்ணன் கொண்டுவந்திருந்த பாட்டு நோட்டை வக்கீல் திறந்து பார்த்தார். அதிலும் என் குண்டு எழுத்துதான். கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டார்.

"எழுதினதும் இந்தம்மா, கையெழுத்தும் இந்தம்மா. அப்போ அந்தப் பேருக்காரம்மா இன்னாதான் பண்ணாங்க? மாவு ஆட்டினாங்களா?"

"ஆமாய்யா, மாவுதான் ஆட்டினேன்!" என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "ஆட்டிக்கிட்டேதான் கட்டினேன். உமக்கும் ஒண்ணு கட்டட்டுமா? திருட்டு மாப்பிள்ளைப் பாட்டு?"

வக்கீல் அங்கவஸ்திரத்தால் வாயை மூடிக்கொண்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்:

"இதோ பாருங்கோ. கையெழுத்துங்கறது கடைக்காராளுக்கு ஓர் அடையாளம், அவ்வளவுதான். அது இல்லேன்னா உரிமை போயிடாது. கல்யாணத்துல கேலி பண்ற வழக்கம் ஊருக்குப் பொது. இந்த வார்த்தையை இப்படிச் சேர்த்தது யாரோ அவாளுக்குத்தான் பாட்டு சொந்தம். சொல்லச் சொல்ல எழுதினவா குமாஸ்தா மாதிரி. ஆனா இவர் கோர்ட்டுல இதே கேள்வியைக் கேப்பார். இதுல ஒரு சொல்லும் என்னுது இல்லேன்னு இந்தப் பொண்ணு எழுதிக் கொடுத்துட்டா தேவலை."

அவரே எழுதி, படித்துக் காட்டி, பேனாவை நீட்டினார். நான் வாங்கினேன். பேனாவைப் பிடித்தபடி நின்றேன். வெட்கப்படுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். டிராமில் தூங்கிப்போனவர் என் கண்முன் வந்து உட்கார்ந்திருந்தார். சொன்னால் அக்காவின் வழக்கு கெட்டுப்போகுமோ என்று பயம். சொல்லாவிட்டால் பொய்க் கையெழுத்து. ஏற்கெனவே போட்ட பொய்க் கையெழுத்துகளே போதும் என்று தோன்றியது.

"ஓரடி என்னுதுங்க," என்றேன்.

"அப்படிப் போடு!" என்று கடைக்காரர் தொடையில் தட்டினார். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் நான் தரையோடு தரையாகிவிட்டேன். அப்போது அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

"ஆமாங்க, அந்த டிக்கெட்டு அடி அவளோடது. அவ சொல்லலேன்னா நான் சொல்லியிருப்பேன்."

வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, போகட்டும். அந்த அடியை உங்க அக்காவுக்குக் கொடுத்துடறயா, குழந்தே? வாயால சொன்னாப் போறாது. எழுத்துல கொடுக்கணும்."

நான் தலையாட்டினேன். அக்கா விடவில்லை. "பூம்பூம் மாடாட்டம் தலையாட்டாதே. நெசமாத்தான் குடுக்கறியா? இஷ்டமில்லேன்னா சொல்லிடு, பாட்டுலேருந்தே எடுத்துடறேன்."

"எடுக்காதீங்க அக்கா. குடுக்கறேன்."

வக்கீல் வேறு காகிதத்தில் எழுதினார். மற்றதெல்லாம் அக்கா கட்டியது, இந்த ஓரடி நான் கட்டியது, அதை அவளுக்கு மனதாரக் கொடுத்தேன் என்று. அதன் கீழே என் பெயரைப் போட்டேன். அக்காவின் பெயரை அத்தனை தடவை எழுதி எழுதி அது எனக்கு நன்றாக வரும். என் பெயர்தான் கோணிக்கொண்டு போயிற்று.

கடைக்காரர் அந்தக் காகிதத்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகப் படித்தார். "அந்தத் தூங்கற ஆளுக்கோசரந்தான் நான் புஸ்தகமே போட்டேன் சாமி," என்று சிரித்துவிட்டார். கோர்ட்டில் கேட்க இனி ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டு, இனி அடிப்பதில்லை என்று எழுதிக் கொடுத்து, கடையில் மிச்சமிருந்ததைக் கோணியில் கட்டி அனுப்பினார். அக்கா அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். என்ன பேசினாள் என்று சொல்லவில்லை. அன்று சாயங்காலம் பாடினாள்.

மறுபதிப்பில் கையொப்ப வரியை எடுத்துவிட்டார்கள். என் பெயரைப் போடுகிறேன் என்று அக்கா பிடிவாதம் பிடித்தாள், நான் வேண்டவே வேண்டாம் என்றேன். 'இதில் ஓரடி என் தங்கை கொடுத்தது' என்று பெயரில்லாமல் போட்டதாக ஞாபகம். அது அச்சில் வந்ததா, அக்கா வாயால் சொன்னதை நான் அச்சாக நினைத்துக்கொண்டிருக்கிறேனா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. என்னிடம் பிரதி இல்லை. வக்கீல் சொன்ன சட்டத்தையும் நான் புரிந்துகொண்டபடிதான் எழுதியிருக்கிறேன். சட்டம் தெரிந்தவர்கள் அதைச் சரிபார்க்க வேண்டும். பழைய புத்தகம் சேர்க்கிறவர்கள் யாரிடமாவது அந்த மறுபதிப்பு இருந்தால், கடைசிப் பக்கத்தைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.