ரட்டர் சிவப்புப் பூசிய கைப்பிடி

ஆபெல் ரட்டர் பெயிண்ட் அடிக்கிறவன். இரும்பில்தான் அடிப்பான், மரத்தைத் தொடமாட்டான். எங்கள் ஹார்ன்வெல் நகரத்தின் கழிவுநீர் இறைக்கும் நிலையத்துக்கு அவன் வந்தது 1881 வசந்தத்தில். நான் அப்போது அங்கே கொதிகலனுக்குக் கரி வாரிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரே கோடையில் காலரா நானூறு பேரைக் கொண்டுபோன பிறகுதான் நகரசபைக்கு அந்த நிலையத்தைக் கட்டத் தோன்றியது. அதுவரை ஊர்க்கழிவு முழுவதும் நாங்கள் குடிக்கிற ஆற்றில்தான் விழுந்தது. கட்டியதுதான் கட்டினார்கள், அரண்மனை மாதிரிக் கட்டிவிட்டார்கள். சிவப்பும் மஞ்சளுமாக வரி வரியாய்ச் செங்கல். எட்டுமுகக் கூடம், அதன் உச்சியில் கண்ணாடிக் கூண்டு. உள்ளே இரும்புத் தூண்கள், ஒவ்வொன்றின் தலையிலும் இரும்பிலேயே வார்த்த அத்தி இலையும் காயும். நான்கு நீராவி எஞ்சின்கள் முப்பதடி உத்தரங்களை ஏற்றி இறக்கும்போது காலடியில் தரை அதிரும். அதற்குக் கீழே, இருட்டில், ஊராரின் கழிவு கிணற்றுக்குள் வந்து விழும். எஞ்சின்கள் அதை மேலே இழுத்துக் கடலுக்குத் தள்ளும்.

ஆபெல் சாரத்தில் ஏறி இலைகளுக்குப் பச்சையும் காய்களுக்குச் சிவப்பும் பூசினான். கெட்டிக்காரன். ஆனால் வேலை முடிந்ததும் என்னிடம் ஒரு வாளி வெந்நீர் வாங்கி, கார்பாலிக் சோப்பால் தோல் சிவக்கச் சிவக்கத் தேய்த்துக் குளிக்காமல் வெளியே போகமாட்டான். காரணம் லெட்டிஸ். ரிப்பன் கடையில் வேலை பார்த்த பெண். எங்கே வேலை என்று அவள் கேட்டதும், ஆற்றுக்கு அந்தப்பக்கம் ஒரு தேவாலயத்தில் தூண்களுக்கு வண்ணம் பூசுவதாக இவன் சொல்லிவிட்டான். எங்களுக்குத் தெரிந்தபோது விடுவோமா? “என்ன பாதிரியாரே, இன்னிக்கு ஆராதனை முடிஞ்சுதா?” என்று தினமும் சீண்டினோம்.

சீண்டாதவன் நெட் குவில் ஒருவன்தான். கிணற்றின் வாயில் இருக்கும் இரும்பு வலையில் சிக்குகிற கந்தலையும் செத்த பூனையையும் நீளவாரியால் இழுத்துப் போடுவது அவன் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் நெட்டும் அவன் மனைவி ஹெஸ்டரும் எதிரே வந்தார்கள். நெட் தொப்பியைத் தூக்கி வணக்கம் வைத்தான். லெட்டிஸின் கையைப் பிடித்திருந்த ஆபெல், யாரோ என்பதுபோல் கடலைப் பார்த்துக்கொண்டு நடந்துவிட்டான்.

மறுநாள் நெட்தான் முதலில் பேசினான். “நேத்து உனக்கு வணக்கம் வச்சிருக்கக் கூடாது. கூட பொண்ணு இருந்துச்சு, நான் யோசிக்கலப்பா.”

ஆபெலுக்குத் தலை நிமிரவில்லை.

கிணற்றைச் சுற்றி ஓர் ஒற்றையடி மேடை உண்டு, அதற்கு ஒரு கைப்பிடிக் கம்பி. அதன் தாங்கி ஒன்று துருப்பிடித்து ஆடியது. நெட் இரண்டு முறை மேற்பார்வையாளர் பாஸ்கோம்பிடம் சொல்லிப் பலனில்லாமல், “நீ சொன்னாக் கேப்பாரு” என்று ஆபெலிடம் வந்தான். ஆபெலும் போய்ச் சொன்னான். வியாழக்கிழமை நகரசபைக்காரர்கள் பார்வையிட வருகிறார்கள், உன் வேலை பெயிண்ட் அடிப்பது, அதைச் செய் என்றார் பாஸ்கோம்ப். ஆபெல் துரு அரித்த பொந்தில் மக்குப் பசை வைத்து அடைத்து, மேலே இரண்டு பூச்சுச் சிவப்பு அடித்தான். நெட்டிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லலாம் என்றுதான் இருந்தானாம்.

பளபளவென்று இருந்த கம்பியைப் பார்த்து நெட் அதை மாற்றிவிட்டார்கள் என்றே நினைத்துவிட்டான். வெள்ளிக்கிழமை காலை வாரியை இழுக்கும்போது முழுப் பாரத்தையும் அதன்மேல் சாய்த்தான். சாரத்திலிருந்த ஆபெல், கம்பி ஒடிந்ததையும் நெட் விழுந்ததையும் பார்த்தான். எஞ்சினை நிறுத்தி, கயிறு போட்டு, நாங்கள் அவனை மேலே கொண்டுவர அரைமணி ஆயிற்று. உயிர் இல்லை.

மரண விசாரணை, அந்தக் கால வழக்கப்படி, சாராயக்கடை மாடியில் நடந்தது. பத்திரிகைக்காரன் ஒருவன் முன்வரிசையில் உட்கார்ந்து சாட்சிகளின் பெயர், தொழில், வேலை செய்யும் இடம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தான். ஆபெல் அந்தப் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தான்; அச்சில் வந்தால் லெட்டிஸ் படித்துவிடுவாள். முறை வந்தபோது, தான் தூணுக்கு அந்தப்பக்கம் இருந்ததாகவும் எதையும் பார்க்கவில்லை என்றும் சொன்னான். அவ்வளவுதான், போய் உட்காரச் சொல்லிவிட்டார்கள்; பத்திரிகைக்காரனும் அவன் பெயரை எழுதவில்லை. நெட்டின் மேல் பீர் வாடை அடித்தது என்றார் பாஸ்கோம்ப். கவனக்குறைவால் சாவு என்று தீர்ப்பாயிற்று. பத்து நாளில் ஹெஸ்டர் இரண்டு பிள்ளைகளோடு நிலையத்துக் குடியிருப்பைக் காலி செய்தாள்.

இலையுதிர் காலத்தில் லெட்டிஸ், அவன் வண்ணம் பூசியதாகச் சொன்ன அந்தத் தேவாலயத்திலேயே கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்றாள். அவளுடைய வாடகை அறைக்குப் போகும் படிக்கட்டில் உட்கார்ந்து ஆபெல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். கடற்கரையில் தொப்பியைத் தூக்கியவன்தான் நெட் என்பதையும் சொன்னான்.

லெட்டிஸ் சொன்னாள்: “எங்கப்பா தோல் பதனிடுற இடத்துல வேலை பார்த்தவரு. நான் அந்த நாத்தத்துலதான் வளர்ந்தேன். சாக்கடைன்னு சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன். செத்தவனைக் குடிகாரன்னு சொன்னப்ப வாயை மூடிட்டு இருந்தியே, அதுதான் ஆபெல் எனக்குத் தாங்கல. போய் அந்தம்மாகிட்ட சொல்லு.”

ஹெஸ்டர் மீன்துறைக்குப் பின்னால் ஒரு நிலவறையில் சலவை செய்து பிழைத்தாள். ஆபெல் வந்து சொன்னதைப் படுக்கை விரிப்பைப் பிழிந்தபடியே கேட்டாள். பிழிந்து முடித்து அதை உதறினாள்.

“வியாழக்கிழமை ராத்திரி சாப்பிடறப்ப சொன்னாரு, ஆபெல் சொல்லிக் கம்பியைச் சரி பண்ணிட்டாங்கன்னு. நல்ல பையன்னாரு உங்களை.”

ஆபெல் அழுதான். மன்னிப்பு என்று ஏதோ ஆரம்பித்தான்.

“அதை எங்கிட்ட கேக்காதீங்க. என்னால முடியாது. அவரு குடிக்கலன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பள்ளிக்கூடத்துல எம் புள்ளைங்களைக் கேலி பண்றாங்க.”

அங்கேயே, கம்பியின் துருவை மக்கு வைத்து மறைத்ததையும் சேர்த்து, எழுதிக் கொடுத்தான். மற்றொரு பிரதியைப் பத்திரிகைக்குக் கொண்டுபோனான். தன் பெயர், தொழில், வேலை செய்யும் இடம் எல்லாம் போடச் சொன்னான். நான்கு வரியாக, கப்பல் நேர அட்டவணைக்குக் கீழே வந்தது. மறுநாள் பாஸ்கோம்ப் அவனை வேலையிலிருந்து நீக்கினார். விசாரணையை யாரும் திரும்ப எடுக்கவில்லை. ஆனால் அந்த மாதமே மேடையின் தாங்கிகளை எல்லாம் ஓசைப்படாமல் மாற்றினார்கள். ஹெஸ்டர் அந்தப் பத்திரிகைத் துண்டைப் பள்ளிக்கூட ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினாள் என்று கேள்விப்பட்டேன்.

லெட்டிஸ் இரண்டு வருடம் யோசித்துவிட்டுத்தான் அவனைக் கட்டிக்கொண்டாள். அவன் துறைமுகத்தில் கப்பல்களுக்குப் பெயிண்ட் அடித்தான். பிறகு யார் கேட்டாலும் முதலில் எங்கே வேலை பார்த்தான் என்பதை மறைக்கவில்லை. தெருவில் ஹெஸ்டரைப் பார்த்தால் தொப்பியைக் கழற்றுவான். அவள் பதிலுக்குத் தலையசைத்ததாக எனக்கு நினைவில்லை.

அவன் சாவதற்கு முந்தின வருடம் என்னோடு உட்கார்ந்திருந்தபோது கேட்டான்: “நெட் குடிக்க மாட்டான்னு உனக்கும் தெரியும். பாஸ்கோம்ப் அப்படிச் சொன்னப்ப நீயும் அந்த மாடியிலதானே இருந்தே?”

இருந்தேன். கடைசிப் பெஞ்சில். பன்னிரண்டு வருடம் நெட் என் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்தவன். என்னை யாரும் சாட்சியாகக் கூப்பிடவில்லை என்று ஆபெலிடம் சொன்னேன்.

“கூப்பிடலதான்,” என்றான் அவன். அதற்குமேல் கேட்கவில்லை.