சிரிப்புக்குப் பத்துக்கு மூன்று

பிள்ளைக்கு மாத்திரை கொடுப்பது ஒரு நிமிட வேலை. கொடுத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது முழுநேர வேலை. அதற்கு ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது. இந்த உத்தியோகம் பார்த்தவர்கள் உங்களிலும் சிலர் இருப்பீர்கள். வெளியே சொல்லியிருக்க மாட்டீர்கள். நானும் சொல்லவில்லை.

எழும்பூரில் கிடைத்த உத்தியோகம்

எழுபத்திரண்டில் நான் பெருங்களத்தூரில் ஒரு மிஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். வீடு சேலையூரில். கணவர் ராணுவத்தில், வடக்கே எங்கோ மலைமேல் இருந்தார். கடிதம் போய்ப் பதில் வர ஒரு மாதம் ஆகும். வீட்டில் நானும் மகள் ரூபியும்தான். அவளுக்குப் பன்னிரண்டு வயது. அந்த வருடம் அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்தாள், பிறகு சாப்பாட்டை. ஒரு நாள் சாதம் பிசைந்துகொண்டே, "நான் இல்லாட்டி உங்களுக்கு வேலை குறையும் இல்லம்மா?" என்று சாதாரணமாகக் கேட்டாள். மறுநாளே லீவு போட்டு அவளை எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு ரயிலில் கூட்டிப்போனேன்.

மனநோய் டாக்டர் வயதானவர், அவசரப்படாமல் பேசினார். மாத்திரை வேலை செய்ய மூன்று நான்கு வாரம் ஆகும், அதுவரை வாய் உலரும், தூக்கம் கண்ணைச் சுழற்றும் என்றார். பிறகு ரூபியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, மனம் தெளிவதற்கு முன்னால் உடம்பில் தெம்பு வந்துவிடலாம், அந்த நாட்களில்தான் ஆபத்து என்றார். மாத்திரையைப் பீரோவில் பூட்டச் சொன்னார். ஒரு நோட்டுப் போட்டு, தூக்கம், சாப்பாடு, பேச்சு, சிரிப்பு எல்லாவற்றையும் தினமும் எழுதச் சொன்னார். "மருந்து நான் எழுதிட்டேன். கூட இருந்து பாக்கறது உங்க வேலை. பாதி வைத்தியம் அதுலதாம்மா இருக்கு."

காமாலை

பள்ளியில் என்ன சொல்வது? பெண்பிள்ளை, நாளைக்கு நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே என்று பயம். மஞ்சள் காமாலை என்று சொல்லிவைத்தேன். யாருக்கும் வைத்தியம் தெரியாத நோயாகப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். காமாலைக்கு எல்லோருமே டாக்டர். ஒருத்தி கீழாநெல்லி அரைத்துக்கொண்டு வந்தாள், இன்னொருத்தி பெரிய தூக்கு நிறைய மோர் கொண்டுவந்தாள். பொய் சொன்ன பாவத்துக்கு எல்லாவற்றையும் சுமந்துகொண்டு பஸ் ஏறினேன்.

ஒரு நாள் ஸ்டாஃப் ரூமில் என்னை அறியாமல் கண் கலங்கிவிட்டது. சுற்றிலும் ஏழெட்டுப் பேர். அவ்வளவு தனியாக நான் அதற்கு முன் இருந்ததில்லை. பக்கத்து நாற்காலி சரோஜா டீச்சர் பிரியமாக முதுகைத் தட்டிக்கொடுத்தார். "இதுக்குப் போய் அழுவாங்களா டீச்சர்? இது என்ன மனசுல வர்ற வியாதியா? பத்தியம் இருந்தா பத்து நாள்ல போயிடும்."

ரிக்‌ஷா ரிப்போர்ட்

ரூபி படித்தது தாம்பரத்தில் வேறு பள்ளி. காலையும் மாலையும் கன்னியப்பனின் சைக்கிள் ரிக்‌ஷா. வழியில் அவளை யார் பார்ப்பது? கன்னியப்பனையே என் உதவியாளராக நியமித்துக்கொண்டேன், அவருக்குத் தெரியாமல். பாப்பா பேசினாளா, எங்கே பார்த்துக்கொண்டு வந்தாள், தண்ணீர் கேட்டாளா என்று தினமும் குறுக்கு விசாரணை. தண்ணீர் கேட்டது இரண்டு தடவை என்றால் உள்ளே ஓடி நோட்டில் எழுதுவேன்.

இரண்டாம் வாரம் அவர் பொறுமை போய்விட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாப்பா கம்முனு குந்திக்கினு வருது டீச்சரம்மா, ஒரு பேஜாரும் இல்ல. உன் மொகந்தான் நல்லா இல்ல. நீ துன்னியா?"

சிவப்பு மசி

இனி என் தப்பு. டாக்டர் நோட்டு எழுதத்தான் சொன்னார். ஆனால் கட்டம் போட்ட நோட்டைக் கண்டால் டீச்சர் கை சும்மா இருக்குமா? ரூபியின் ஒவ்வொரு நாளுக்கும் சிவப்பு மசியில் மார்க் போட ஆரம்பித்தேன். தூக்கம் ஐந்து, சாப்பாடு நான்கு, சிரிப்புக்குப் பத்துக்கு மூன்று. மாத்திரையைப் பூட்டினேனே தவிர, நோட்டைப் பூட்டத் தோன்றவில்லை.

மூன்றாம் வாரம் மார்க் ஏறியது. கேட்காமலே பள்ளிக் கதை சொன்னாள், இரண்டாம் தடவை சாதம் கேட்டாள். சிரிப்புக்கு எட்டு, ஒன்பது. நான் பூரித்துப்போய் நோட்டை டாக்டரிடம் நீட்டினேன். அவர் பக்கங்களைப் புரட்டினார். என்னை வெளியே அனுப்பிவிட்டு ரூபியிடம் அரை மணி நேரம் பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அவள் நோட்டைப் பார்த்துவிட்டிருந்தாள். மூன்று போட்ட நாளெல்லாம் அம்மா சாப்பிடவில்லை என்று கண்டுபிடித்து, எட்டு வாங்குவதற்காகச் சிரித்திருக்கிறாள். பள்ளியில் மட்டும் கிணற்றடிக்குப் போய் அழுதிருக்கிறாள். தெளிந்துவிட்டாள் என்று நம்பி, நான் அந்த வாரம்தான் அவளைத் தனியே வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைக்க விட்டிருந்தேன். டாக்டர் நோட்டை மூடி என்னிடம் தந்தார். "இது குழந்தையோட நிலைமை இல்லம்மா. உங்களுக்காக அவ எழுதின பரீட்சை. மார்க்கை நிறுத்துங்க, மருந்தை நிறுத்தாதீங்க."

கடைசிப் பக்கம்

சிவப்புப் பேனாவைத் தூக்கிப் போட்டேன். அழுகை வந்தால் என் எதிரிலேயே அழலாம் என்று அவளிடம் சொன்னேன். நிறைய அழுதாள், எனக்கும் நிறைய வந்தது. ஏழாம் வாரம் ஒரு மத்தியானம் தட்டைத் தள்ளிவிட்டு, "என்னம்மா மீன் குழம்பு இது, உப்பே இல்ல" என்று சிடுசிடுத்தாள். குறை சொன்னால் சந்தோஷப்படும் தாயை நீங்கள் பார்த்ததில்லை என்றால் அன்றைக்கு என் சமையல்கட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

அடுத்த வருடம் டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து மாத்திரையை நிறுத்தினார். நோட்டைக் கிழித்து அடுப்பில் போட எடுத்தபோது, கடைசிப் பக்கத்தில் பென்சிலால் போட்ட கட்டம் ஒன்று இருந்தது. என்னைப் பார்த்து எழுத என்னிடமே கற்றுக்கொண்டிருக்கிறாள். அம்மா தூக்கம் இரண்டு, அம்மா சாப்பாடு மூன்று, அம்மா சிரிப்பு சைபர். அதன் கீழே குண்டு குண்டான எழுத்தில் இப்படி: "அப்பாவுக்கு எழுதணும். அம்மாவைப் பாத்துக்க இங்க யாரும் இல்ல."

நானும் எத்தனையோ நோட்டுத் திருத்தியிருக்கிறேன், ஒரு மார்க்கைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ இடமில்லாத பக்கம் அது ஒன்றுதான்.